காப்பீடு இருந்தும் என் பெயரில் வழக்கு வந்திருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: சில மாதங்களுக்கு முன் நான் ஓட்டிச் சென்ற கார், முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தில் மோதியது. தவறு என்னுடையதுதான். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தேன். அவர்களும் அந்தக் காரைப் பழுதுபார்க்கப் பணம் கொடுத்துவிட்டார்கள். இப்போது அந்த ஓட்டுநர், கழுத்திலும் முதுகிலும் காயம் என்று என் பெயரில் வழக்குத் தொடுத்துள்ளார். கேட்கும் தொகை என் பாலிசியின் உச்சவரம்பைவிட அதிகம். மனுவில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரே இல்லை. அவர்கள் பார்த்துக்கொள்வார்களா, நான் தனியாக வழக்கறிஞர் வைக்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் அவர்கள்தான் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் சம்மன் உங்கள் பெயருக்கு வந்திருப்பதால், உரிய நாளுக்குள் பதில் தாக்கலாகாவிட்டால் வரும் தீர்ப்பும் உங்கள் பெயரில்தான் வரும். நீங்கள் செய்ய வேண்டியவை பலவும் இதை ஒட்டியே அமைகின்றன.

காருக்கான பணம் கொடுக்கப்பட்டதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. வாகனச் சேதமும் உடற்காயமும் தனித்தனிக் கோரிக்கைகள். ஒன்று தீர்ந்தாலும் மற்றொன்று, வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு முடியும்வரை உயிரோடுதான் இருக்கும். நிறுவனத்தின் பெயர் மனுவில் இல்லாததும் ஐயுறத்தக்கதன்று. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் விபத்தை ஏற்படுத்தியவர் மீதே வழக்குத் தொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் காப்பீட்டு நிறுவனத்தின் மீது நேரடியாகவும் தொடுக்கலாம். இந்தியாவில் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வாகன உரிமையாளரோடு நிறுவனமும் எதிர்மனுதாரராகச் சேர்க்கப்படுவது வழக்கம்.

முதலில் தேதியைக் கவனியுங்கள். காகிதங்கள் எந்த நாளில், யார் மூலம், யார் கையில் கொடுக்கப்பட்டன என்பதை இன்றே எழுதி வையுங்கள். உறையையும் எறிந்துவிட வேண்டாம். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் சம்மன் முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட 21 நாட்களுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். மாநில நீதிமன்றங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு உண்டு. இங்கிலாந்தில் வழக்கு விவரங்கள் கிடைத்த 14 நாட்களுக்குள் குறைந்தபட்சம் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையாவது தாக்கல் செய்தாக வேண்டும். இந்தியத் தீர்ப்பாய நோட்டீஸில் ஆஜராக வேண்டிய தேதியே குறிப்பிடப்பட்டிருக்கும். உங்கள் சம்மனில் அச்சிடப்பட்டுள்ள கெடுவே உங்களுக்குப் பொருந்தும்.

அடுத்து, சம்மன், மனு, இணைப்புகள் அனைத்தையும், பின்பக்கங்கள் உட்பட நகலெடுத்து, பாலிசி எண்ணும் க்ளெய்ம் எண்ணும் குறிப்பிட்டு அன்றைக்கே நிறுவனத்துக்கு அனுப்புங்கள். விபத்து நடந்த அன்று தகவல் சொன்னது போதாது. வழக்கு வந்த செய்தியையும் காகிதங்களையும் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்பது பெரும்பாலான பாலிசிகளில் தனி நிபந்தனையாகவே இருக்கிறது. தொலைபேசியில் சொல்லியிருந்தாலும் மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்பி, கிடைத்ததற்கான ஒப்புகையைக் கேட்டுப் பெறுங்கள்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். “நாங்கள் எதிர்த்தரப்பு வழக்கறிஞரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்” என்று க்ளெய்ம் அதிகாரி சொன்னதும், வழக்கு நின்றுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். சமரசப் பேச்சு நடப்பதால் மட்டும் நீதிமன்றத்தின் கெடு நிற்பதில்லை. ஆகவே, உங்களுக்காக நியமிக்கப்பட்ட வழக்கறிஞரின் பெயர் என்ன, பதில் தாக்கலாகிவிட்டதா அல்லது முறைப்படி அவகாசம் பெறப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். தாக்கல் செய்த பதிலின் நகலையும் வாங்குங்கள். கெடுவுக்குச் சில நாட்களே இருந்தும் தெளிவான மறுமொழி வரவில்லையென்றால், சொந்தச் செலவிலாவது ஒரு வழக்கறிஞரைக் கொண்டு அவகாசம் கேளுங்கள். பதில் தாக்கலாகாததால் வரும் ஒருதரப்புத் தீர்ப்பை நீக்கக் கோர வழி உண்டு என்றாலும், அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். “நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்றிருந்தேன்” என்பதை நீதிபதி ஏற்பார் என்று சொல்வதற்கில்லை.

நிறுவனம் நியமிக்கும் வழக்கறிஞருக்கு நிறுவனமே கட்டணம் செலுத்தினாலும், அவர் நீதிமன்றத்தில் வாதாடுவது உங்களுக்காக. அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். “தவறு என்னுடையதுதான்” என்கிறீர்கள். மோதியது யார் என்பதும், அந்த மோதலால் எவ்வளவு காயம் ஏற்பட்டது என்பதும் வேறுவேறு கேள்விகள். வழக்குத் தொடுத்தவருக்கு முன்பே முதுகுவலி இருந்ததா, முதல் சிகிச்சை விபத்துக்கு எத்தனை நாள் கழித்து எடுக்கப்பட்டது, வருமான இழப்புக்குச் சான்று உண்டா என்பவற்றை வைத்தே தொகை முடிவாகும். ஆகவே கேட்கும் தொகையைக் கண்டு மலைக்க வேண்டாம். மனுவில் எழுதப்படும் தொகை, பேரம் தொடங்கும் இடமே தவிர முடியும் இடம் அன்று. எதிர்த்தரப்பினரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்பது, விபத்தைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதுவது, டேஷ்கேம் பதிவையோ பழைய செய்திகளையோ அழிப்பது ஆகிய மூன்றையும் கண்டிப்பாகத் தவிர்க்கவும். மூன்றாவது, ஆதாரத்தை அழித்ததாகவே கருதப்படலாம். போக்குவரத்து விதிமீறலுக்கான வழக்கும் நிலுவையில் இருந்தால், அங்கே குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் இந்த வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள். அந்த ஒப்புதல் இங்கே உங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடும்.

தனி வழக்கறிஞர் தேவைப்படும் இடங்கள் இரண்டு. முதலாவது, “வழக்கை நடத்துகிறோம், ஆனால் பாலிசி பொருந்தாது என்று பின்னர் மறுக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்கிறோம்” என்ற பொருளில் நிறுவனத்திடமிருந்து கடிதம் வருவது. காரை வாடகைக்கு ஓட்டியது, உரிமம் காலாவதியானது போன்ற காரணங்களால் இத்தகைய கடிதம் வரலாம். அந்தக் கணத்திலிருந்து உங்கள் நலனும் நிறுவனத்தின் நலனும் ஒன்றல்ல. இந்தியாவிலும் இப்படிப்பட்ட நிபந்தனை மீறல்களில், நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்திவிட்டு வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவாவது உண்டு.

இரண்டாவது, உங்கள் நிலைமை: உச்சவரம்பைத் தாண்டிய கோரிக்கை. வரம்பை மிஞ்சிய தீர்ப்பு வந்தால், மிஞ்சும் தொகைக்கு உங்கள் சேமிப்பும் சொத்தும் பொறுப்பாகலாம். வரம்புக்குள் முடிக்க எதிர்த்தரப்பு முன்வரும்போது நிறுவனம் நியாயமின்றி மறுத்தால், அந்த மிகுதியை நிறுவனமே ஏற்க வேண்டிவரும் என்பதை டெக்சாஸில் 1929-இல் வந்த ஸ்டோவர்ஸ் தீர்ப்பு நிலைநாட்டியது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதையொத்த விதிகள் உள்ளன. ஆகவே, “வரம்புக்குள் சமரச வாய்ப்பு வந்தால் ஏற்று முடிக்கக் கோருகிறேன், வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் எனக்கு உடனே தெரிவிக்கவும்” என்று நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இதை உங்கள் சொந்த வழக்கறிஞர் எழுதுவது நல்லது. ஒரு கடிதத்துக்கும் ஓர் ஆலோசனைக்கும் ஆகும் செலவு, முழு வழக்கையும் நடத்தும் செலவில் சிறு பங்கே. கூடுதல் பாதுகாப்புக்கான குடைப் பாலிசி ஏதும் உங்களிடம் இருந்தால், அந்த நிறுவனத்துக்கும் இப்போதே தகவல் கொடுங்கள்.

சமரசம் ஏற்பட்டால், இனிக் கோரிக்கை ஏதும் இல்லை என்று எதிர்த்தரப்பு எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் உங்கள் பெயரும், கார் வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய பெயரும் உள்ளனவா, இந்த விபத்து தொடர்பான கோரிக்கைகள் அனைத்தும் அதில் அடங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கு முடித்துவைக்கப்பட்ட உத்தரவின் நகலையும் வாங்கிப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.