2019இல் மயங்கி விழுந்தீர்களா?

கேள்வி: வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் ஆன்லைன் இன்டர்வியூவில் ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2019’ என்றேன். கேட்டவர் திகைத்துப்போனார். இதில் என்ன தப்பு?

பதில்: இலக்கணம் சரிதான். ஆனால் அவர் காதில் விழுந்தது, ‘2019இல் நான் மயங்கி விழுந்தேன்’ என்று. பிரிட்டன், அமெரிக்காக்காரர்களுக்கு ‘பாஸ் அவுட்’ என்றால் முதலில் தோன்றும் பொருள் மயக்கம். வெயிலில் நின்று சுருண்டு விழுந்தாலும், குடித்துவிட்டுத் தன்னை மறந்து கிடந்தாலும் இதே சொல்தான். குடிபோதையில் கிடப்பதற்கு ‘ஃபெயின்ட்’ பொருந்தாது. மயக்கம் தெளிந்தால் ‘கம் ரவுண்ட்’ அல்லது ‘கம் டு’.

நம் வழக்குக்கும் உறவு இல்லாமல் இல்லை. ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவதை பிரிட்டிஷ் ஆங்கிலமும் ‘பாஸ் அவுட்’ என்றே சொல்லும். சென்னை பரங்கிமலையில் நடக்கும் ‘பாஸிங் அவுட் பரேடு’ அதுதான். கல்லூரிக்கும் அதைச் சொல்வது இந்திய ஆங்கிலம். நம்மூர் வேலை விளம்பரத்தில் ‘2024 பாஸ்டு அவுட்ஸ்’ என்று வந்தால் யாரும் குழம்புவதில்லை. எனவே கூச்சப்படாதீர்கள், வெளிநாட்டாரிடம் பேசும்போது மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

‘ஐ கிராஜுவேட்டட் இன் 2019’ என்பது பாதுகாப்பானது. கல்லூரிப் பெயரையும் சொல்வதானால் அதற்கு முன்னால் ‘ஃப்ரம்’ சேருங்கள். ‘கிராஜுவேட்’ என்ற சொல் பட்டம் வாங்கியதைக் குறிப்பதால், அரியர் எழுதி 2020இல் பட்டம் கிடைத்தவர் 2020 என்றே சொல்ல வேண்டும். ரெஸ்யூமேவில் வினைச்சொல்லே தேவையில்லை: ‘பி.இ., மெக்கானிக்கல், 2019’ போதும்.

பிளஸ் டூவுக்கு ‘ஐ ஃபினிஷ்டு ஸ்கூல்’. பிரிட்டிஷ்காரர் ‘ஐ லெஃப்ட் ஸ்கூல் அட் எய்ட்டீன்’ என்றால் பாதியில் நின்றுவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். பள்ளியை முடித்ததைத்தான் சொல்கிறார். பாதியில் நிறுத்துவது ‘ட்ராப் அவுட்’.

அமெரிக்க வகுப்பறையில் ‘பாஸ் அவுட்’டுக்கு இன்னொரு பொருளும் உண்டு: தாள்களை எல்லோருக்கும் கொடுப்பது. ‘பாஸ் அவுட் த பேப்பர்ஸ்’, ‘பாஸ் த பேப்பர்ஸ் அவுட்’ இரண்டும் சரி. ‘தெம்’ என்று சுருக்கினால் மட்டும் அது நடுவில்தான் நிற்கும்: ‘பாஸ் தெம் அவுட்’. ‘பாஸ் அவுட் தெம்’ என்பது பிழை.