சர்வர் பீட்டாவைச் சோதிப்பவர்களுக்கு: கேள்வி பதில்

சர்வர்களுக்கான லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு சர்வரின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு (எல்டிஎஸ்) இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வருகிறது. சில வாரங்கள் முன்னதாக, சோதித்துப் பார்ப்பதற்கான பீட்டா வந்துவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சர்வர் பார்த்துக்கொள்ளும் நண்பர்கள் அதைப் பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

போச்சம்பள்ளி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் பில்லிங் சர்வர் என் பொறுப்பு. பீட்டாவை அதிலேயே போட்டுப் பார்க்கலாமா சார்?

வேண்டவே வேண்டாம். பீட்டா வந்த கையோடு உங்களுக்கு மாங்காய் சீசன் ஆரம்பித்துவிடும். எடைச்சீட்டு வராவிட்டால் லாரிகள் வாசலிலேயே நிற்கும். ஓரமாகக் கிடக்கும் ஒரு கம்ப்யூட்டரிலோ, விர்ச்சுவல் மெஷினிலோ பீட்டாவைப் போட்டு, உங்கள் பேக்கப்பை அதில் ரீஸ்டோர் செய்து ஓட்டுங்கள். பேக்கப் ஒழுங்காகத் திரும்ப வருகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஆனால் அதற்கு முன் வெளி இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பேக்கப்போடு, குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளும் உயிர் பெற்றுவிடும். நிஜ விவசாயிகளின் போனுக்குப் பழைய பாக்கி பற்றி எஸ்எம்எஸ் போகும்.

முந்தைய எல்டிஎஸ்ஸில் இருப்பவர்களுக்கு அப்கிரேடு அழைப்பே முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான் வரும். 2024 ஏப்ரல் பதிப்பான 24.04-க்கு அது, அதாவது 24.04.1, வந்தது 2024 ஆகஸ்ட் கடைசியில். அதற்குள் உங்கள் சீசனும் முடிந்திருக்கும்.

ஓசூரில் இன்ஜினியரிங் படிக்கிறேன் அண்ணா. நிறுவினேன், பூட் ஆனது, எல்லாம் சரியாக இருக்கிறது. இதற்கு மேல் என்ன சோதிக்க?

சரியாக இருந்ததையும் உபுண்டுவின் ஐஎஸ்ஓ சோதனைத் தளத்தில் பதிவு செய், தம்பி. எந்தப் படிமம் (நிறுவல் கோப்பு), எந்த மெஷின், தேறியது என்ற தகவல் வெளியிடுபவர்களுக்குத் தேவை. அப்புறம், மற்றவர்கள் போகாத இடத்துக்குப் போ. நிறுவி முன்கூட்டியே தேர்ந்து காட்டும் விடைகளையே எல்லோரும் தட்டிக்கொண்டு போவார்கள். நீ இரண்டு வட்டுகளை ரெய்டில் (இரண்டிலும் ஒரே தரவை எழுதும் முறையில்) போட்டு, ஒன்றைக் கழற்றிவிட்டு பூட் செய்து பார்.

நம்மால் மட்டும் நன்றாகச் செய்ய முடிகிற சோதனை ஒன்று உண்டு: தமிழ்த் தரவு. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் வழக்கமாக எழுத்துகளின் வரிசையை இயங்குதளத்தின் ஜிலிப்சி நூலகத்திடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. புதிய ஜிலிப்சியில் அந்த வரிசை மாறியிருக்கலாம். தரவுக் கோப்புறையை அப்படியே தூக்கிக்கொண்டு போனால், இன்டெக்ஸ் (தேடலுக்கான வரிசைப் பட்டியல்) பழைய வரிசையிலேயே இருக்கும். அப்போது 'முனியம்மாள்' என்ற பெயர் அட்டவணையில் இருக்கும், ஆனால் தேடினால் வராது. கொலேஷன் (எழுத்து வரிசை) பதிப்பு பொருந்தவில்லை என்று போஸ்ட்கிரஸ் எச்சரிக்கை காட்டினால், ரீஇன்டெக்ஸ் செய்த பிறகுதான் மேலே போக வேண்டும். தரவை டம்ப்பாக (தனிக் கோப்பாக) எடுத்து ரீஸ்டோர் செய்தால் இன்டெக்ஸ் புதிதாகவே உருவாகிவிடும், இந்தத் தொல்லை இல்லை. இரண்டு வழியையும் செய்து பார்த்து, ழ, ள, ல, கிரந்த எழுத்துகள் கலந்த பெயர்ப் பட்டியல் ஒன்றை வரிசைப்படுத்தி ஒப்பிடு.

பென்னாகரம் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். அதை எப்படிச் சோதிப்பது?

டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதே சோதனை மெஷினின் பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்பப் போட்டதும் கீபோர்டைத் தொடாமல் எல்லா சேவைகளும் தானாக எழுகின்றனவா என்று பாருங்கள். கரண்ட் வந்ததும் சர்வர் முந்திக்கொள்ளும், நெட்வொர்க் சுவிட்ச் பிந்தி எழும். அப்படி நேர்ந்தால் நெட்வொர்க்குக்காக பூட் இரண்டு நிமிடம் வரை அசையாமல் நிற்கலாம். சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியின் காத்திருப்பு வரம்பு 120 நொடி. பயன்படுத்தாத போர்ட்டுக்கு நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் 'ஆப்ஷனல்: ட்ரூ' என்று எழுதிவிட்டால் அதற்காகக் காத்திருக்காது. அதற்குப் பிறகும் நின்றால், அது ரிப்போர்ட் செய்ய வேண்டிய விஷயம்.

எங்கள் சங்கத்தில் பழைய 32 பிட் மெஷின் ஒன்று இருக்கிறது. அதில் சோதிக்கலாமா?

முடியாது. உபுண்டு சர்வரில் 32 பிட் இன்டெல் நிறுவி எப்போதோ நின்றுவிட்டது. உபுண்டுவுக்கு மூலமான டெபியனும் 13ஆம் பதிப்பிலிருந்து நிறுத்திவிட்டது.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பக் ரிப்போர்ட் எழுத முடியுமா?

தாராளமாக முடியும். என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது என மூன்று சிறிய வாக்கியங்கள் போதும். 'நெட்வொர்க் வேலை செய்யவில்லை' என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. 'நிறுவும்போது நிலையான ஐபி கொடுத்தேன், ரீபூட் செய்ததும் கார்டின் பெயர் மாறி ஐபி போய்விட்டது, மூன்று முறையும் இப்படியே' என்று எழுதினால் அவர்கள் தங்கள் மெஷினில் செய்து பார்ப்பார்கள். 'உபுண்டு-பக்' கட்டளையோடு பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால் பதிப்பு எண்களை அதுவே சேர்த்துவிடும். நிறுவியின் லாக்கை இணைக்கும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். கடவுச்சொல் தடயமோ உள் முகவரியோ இருந்தால் நீக்கிவிடுங்கள்.

அரை நொடி தாமதம் மாதிரி சின்ன விஷயத்தை எல்லாம் சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். 2024 மார்ச்சில் போஸ்ட்கிரஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட், டெபியனின் அன்ஸ்டேபிள் (உருவாக்கத்தில் உள்ள) பதிப்பில் எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து செய்யும் லாகின் சுமார் அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். அதைத் துருவிக்கொண்டே போனபோதுதான் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ வேண்டுமென்றே மறைத்து வைத்த பின்வாசல் (ரகசிய நுழைவழி) வெளிப்பட்டது. இதனால் ஏப்ரல் 4 அன்று வர வேண்டிய உபுண்டு 24.04 பீட்டா ஒரு வாரம் தள்ளிப்போனது. சோதனைப் பதிப்புகளில் ஒருவர் கண் வைத்திருந்ததால்தான் அது உலகமெங்கும் உள்ள சர்வர்களுக்குள் நுழையாமல் தடுக்கப்பட்டது. இப்படிப் பாதுகாப்பு சார்ந்த எதையாவது கண்டால், ரிப்போர்ட்டைப் பொதுவில் போடாமல் பாதுகாப்புக் குறை என்று குறித்துத் தனிப்பட்டதாக அனுப்புங்கள்.

என் ரிப்போர்ட்டுக்கு 'இன்கம்ப்ளீட்' என்று போட்டுவிட்டார்கள். நிராகரித்துவிட்டார்களா சார்?

இல்லை. இன்னும் ஏதோ விவரம் வேண்டும் என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் உபுண்டுவின் குறைப்பதிவுத் தளமான லாஞ்ச்பேடில் 60 நாள் பதில் சொல்லாவிட்டால் அது தானாகவே காலாவதியாகிவிடலாம். அதனால் சோதனை மெஷினை உடனே அழித்துவிடாதீர்கள். கேட்டதைக் கொடுங்கள். அன்றைய புதிய படிமத்திலும் ஒருமுறை முயன்று, குறை அப்படியே இருக்கிறதா, போய்விட்டதா என்று அங்கேயே ஒரு வரி எழுதுங்கள்.