ஹாலோவீன் இரவில் எந்தப் படம்? கேள்வியும் பதிலும்

ஹாலோவீன், அதாவது மேல்நாடுகளில் பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் அக்டோபர் 31 ராத்திரி, ஒரே ஒரு திகில் படம்தான் பார்க்க நேரம் இருக்கிறது, எதைப் பார்க்கலாம் என்று பல பேர் கேட்டிருந்தீர்கள். என் பதில் வருடா வருடம் ஒன்றுதான்: ஜான் கார்பென்டர் இயக்கிய 'ஹாலோவீன்', 1978. மற்ற கேள்விகளுக்கு வருகிறேன்.

பேய்ப்படமா அண்ணா? பேய் எப்போது வரும்?

பேயே கிடையாது. 1963 ஹாலோவீன் இரவில் மைக்கேல் மையர்ஸ் என்ற ஆறு வயதுப் பையன் தன் அக்காவைக் குத்திக் கொல்கிறான். பதினைந்து வருடம் கழித்து மனநல மருத்துவமனையிலிருந்து தப்பித்துச் சொந்த ஊருக்கு வருகிறான். அங்கே லோரி என்ற பள்ளி மாணவியை நோட்டம் விடுகிறான். அன்றைக்கு ராத்திரி ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அவ்வளவுதான் கதை. ஏன் கொல்கிறான் என்பதற்குப் படம் காரணமே சொல்லாது. எனக்கு அதுதான் பிடித்தது. பின்னால் வந்த படங்கள் காரணம் சொல்லப் போய்த்தான் சொதப்பின.

ரத்தம் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். பார்க்கலாமா?

தைரியமாகப் பாருங்கள். கொலைகள் உண்டு, ஆனால் ரத்தம் மிகக் குறைவு. பயம் வேறு இடத்திலிருந்து வருகிறது. படத்தின் முதல் பாதியில் பெரும்பகுதி பட்டப்பகல். துணி காயும் கொடிக்குப் பக்கத்தில், வேலிச் செடி ஓரத்தில், தெருக்கோடியில் அவன் சும்மா நிற்பான். மறுபடி பார்த்தால் இருக்க மாட்டான். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அகலத் திரையில் லோரியை ஒரு ஓரமாக நிறுத்திவிட்டு மற்ற பக்கத்தைக் காலியாக விட்டுவிடுவார். கொஞ்ச நேரத்தில் நாம் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். கடைசிப் பகுதியில் அவளுக்குப் பின்னால் இருட்டான வாசல் ஒன்று வரும். அங்கே வெள்ளை முகம் மெதுவாகத் தெரியத் தொடங்கும். ஒரு சின்ன விளக்கை டிம்மரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியதுதான் மொத்த வித்தையும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் கை சில்லிட்டுப் போகும்.

அந்த முகமூடி யாருடைய முகம்?

சிரிக்கக் கூடாது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க், அதாவது நடிகர் வில்லியம் ஷாட்னர். இரண்டு டாலருக்கும் குறைவான கடை முகமூடி. கலை இயக்குநர் டாமி லீ வாலஸ் அதன் கண் ஓட்டைகளைப் பெரிதாக்கி, வெள்ளை பெயின்ட் அடித்து, தலைமுடியை மாற்றினார்.

அக்டோபர் மாசக் கதை என்கிறார்கள், மரமெல்லாம் பச்சையாக இருக்கிறதே?

நல்ல கண் உங்களுக்கு. கதை நடப்பது இல்லினாய் மாநிலத்தில், ஹாடன்ஃபீல்ட் என்ற கற்பனை ஊரில். படம்பிடித்தது 1978 வசந்த காலத்தில், கலிபோர்னியாவின் சவுத் பாசடீனாவிலும் ஹாலிவுட்டிலும். பெயின்ட் அடித்த இலைகளைத் தெருவில் தூவி, ஷாட் முடிந்ததும் பொறுக்கி மூட்டை கட்டி, அடுத்த ஷாட்டுக்கு மறுபடி தூவினார்கள். பட்ஜெட் சுமார் 3 லட்சம் டாலர்தான், வேறு வழியில்லை. சில காட்சிகளில் பின்னணியில் பனைமரங்களும் தெரியும். இல்லினாயில் ஏது பனைமரம்!

இசை யாருடையது? மண்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

கார்பென்டரேதான். அவருடைய அப்பா இசை ஆசிரியர். ஐந்து எண்ணிக்கைத் தாளத்தைச் சின்ன வயதில் பாங்கோ கொட்டி மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதுதான் இந்தப் படத்தின் பியானோ மெட்டு. இரண்டு, நான்கு என்று போட்டுப் பழகிய காலுக்கு இது எங்கோ இடறிக்கொண்டே இருக்கும், நிம்மதி கிடைக்காது. கர்நாடக இசையில் ஐந்து எண்ணிக்கையான கண்ட நடை பழகியவர்கள் எண்ணிப் பாருங்கள், உடனே பிடிபடும். இசை சேர்க்காமல் படத்தைப் பார்த்த ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் பயமே வரவில்லை என்று கார்பென்டர் சொல்லியிருக்கிறார்.

லோரியாக நடித்தவரை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது.

ஜேமி லீ கர்டிஸ். இதுதான் அவருடைய முதல் திரைப்படம். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் குளியலறையில் கொல்லப்படும் ஜேனட் லீயின் மகள்.

என் பையனுக்கு 11 வயது. சேர்ந்து பார்க்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ் பெற்ற படம், அதாவது 17 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணையோடுதான் தியேட்டரில் பார்க்க முடியும். நிர்வாணக் காட்சிகளும் இருக்கின்றன.

மொத்தம் 13 படம் இருக்கிறதாமே, எந்த வரிசையில் பார்ப்பது?

எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று சட்டமா? முதல் படம் போதும். ஆசை அடங்கவில்லையென்றால் நேராக 2018-க்குத் தாவுங்கள். நடுவில் வந்த எதுவுமே நடக்காதது போல, முதல் படத்திலிருந்து அது கதையைத் தொடர்கிறது. 1981-இல் வந்த இரண்டாம் பாகம் அதே இரவில் தொடர்கிறது, சுமார்தான். 1982-இல் வந்த மூன்றாம் பாகத்தின் கதையில் மைக்கேலே கிடையாது, முகமூடி செய்யும் ஒரு கம்பெனியைப் பற்றிய வேறு கதை. வந்தபோது ரசிகர்கள் கோபப்பட்டார்கள். எனக்கென்னவோ பிடித்திருந்தது, ஆனால் அதைத் தனியாக இன்னொரு நாள் பாருங்கள்.

போனில் பார்த்தால் பரவாயில்லையா?

வேண்டாமே. அவன் நிற்பதே திரையின் ஓரத்தில்தான், ஆறு அங்குலத்தில் எங்கே தெரியப் போகிறான்? 91 நிமிடப் படம், டிவியிலேயே போட்டுவிடுங்கள்.