மலைக்குப் போகும் வழி – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மலைப்பயணங்கள் குறித்து நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். அவற்றால் ஆசை மூண்டுதான் சென்ற பள்ளி விடுமுறையில், ஒரு சனி ஞாயிறில், நானும் என் நண்பனும் கேமரன் மலைக்குப் போனோம். அவன் என்னோடு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறான். ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பார்த்துக்கொள்கிறோம். தேயிலைத் தோட்டம், பாசிக்காடு, ஸ்ட்ராபெரிப் பண்ணை, தேனீப் பண்ணை, இரவுச் சந்தை என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ரிங்லெட்டைத் தாண்டியதும் பிடித்த நெரிசல் பிரிஞ்சாங் வரை விடவில்லை. எந்த வழியாகத் திரும்புவது என்பதில் வாய்ச்சண்டை வந்து, மறுநாள் கோலாலம்பூர் வந்துசேரும் வரை இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. தலைநகருக்கு அருகிலுள்ள மலைகள் எல்லாம் இப்படி ஆகிவிட்டனவா, அல்லது எங்கள் நட்பில்தான் ஏதோ குறைந்துவிட்டதா என்று தெரியவில்லை. அடுத்த மாதம் அவன் மீண்டும் வருகிறான். எங்கே போகலாம் என்று சொல்வீர்களா?

அன்புடன்,
ஒரு வாசகர், காஜாங்

*

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நட்பைப் பற்றிய உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முன்னால் நிற்கும் காய்கறி லாரியின் பின்விளக்கைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த இருவர் கோபித்துக்கொண்டதை வைத்து ஒரு நட்பை எடைபோட வேண்டியதில்லை. ஓராண்டு பேசாதிருந்த பேச்சையெல்லாம் பேசிவிடலாம் என்று வண்டியேறியவர்கள், எந்த இடத்தை விட்டுவிடுவது, எந்த வழியில் திரும்புவது என்று மட்டுமே பேசவேண்டிய நிலைக்கு வந்துவிட்டீர்கள். அந்த நிலைக்கு உங்களைக் கொண்டுவந்தது உங்கள் பட்டியல்தான் என்று நினைக்கிறேன்.

கேமரன் மலையையும் நான் குறை சொல்லமாட்டேன். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் எழுதிவைத்த குறிப்பிலிருந்து அதன் பெயர் வந்தது என்பதைப் பலரும் அறிவார்கள். ஆனால் 1929இல் அங்கே ‘போ’ (BOH) என்னும் தேயிலைத் தோட்டம் தொடங்கிய பின்னர், அந்தச் சரிவுகளில் காட்டை வெட்டி, செடி நட்டு, கூடை சுமந்து கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பகுதியினர் நம் மக்கள் என்பதையும், அவர்களின் பிள்ளைகளுக்காக எழுந்த தமிழ்ப்பள்ளிகள் இன்றும் அம்மலையில் நடக்கின்றன என்பதையும் அங்கே படம் எடுத்துக்கொள்ளப் போகும் நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? அது மக்கள் உழைத்து வாழும் மலை. தாப்பாவிலிருந்து ஏறினாலும் சிம்பாங் பூலாயிலிருந்து ஏறினாலும், ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்கள் எல்லாம் ஒரே சாலையின்மேல்தான் அமைந்திருக்கின்றன. காய்கறி ஏற்றிச் செல்லும் லாரிகளும், பள்ளி விடுமுறைக்கு வரும் குடும்பங்களும், நீங்களும் அந்த ஒரே சாலையில்தான் நகர்ந்தாக வேண்டும். அங்கே வார நாளில் போங்கள்; சனிக்கிழமையில், அதுவும் பள்ளி விடுமுறையில், போகாதீர்கள்.

இரண்டு நாள் மட்டுமே கையில் இருக்கும் இரு நண்பர்கள் மலையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. வண்டியில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் தயங்கும் பேச்சு, இருவர் கண்ணும் சாலையில் இருக்கும்போது தானாக வந்துவிடுகிறது. அப்பாவின் நோயைப் பற்றியும், வேலையில் பட்ட அவமானத்தைப் பற்றியும், பிரிந்துபோன மனைவியைப் பற்றியும் ஆண்கள் வண்டி ஓடும்போது பேசுகிற அளவுக்கு வேறெங்கும் பேசிக் கேட்டதில்லை. அதற்கு வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மெதுவாகவும் ஓட வேண்டும். நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடிய வேண்டும்.

அப்படிப்பட்ட வழி தலைநகருக்கு வடக்கே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், பிரேசர் மலைக்குப் போகிறது. நெடுஞ்சாலையை விட்டுவிட்டு ரவாங், செரண்டா, பத்தாங் காலி வழியாகப் பழைய சாலையில் விடியற்காலையில் புறப்பட்டு, கோல குபு பாருவில் இறங்கிப் பசியாறுங்கள். எண்ணெயையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மலைமேல் எண்ணெய் நிலையம் கிடையாது. அந்த ஊரின் பெயரில் ‘பாரு’ (மலாயில் ‘புதிய’) என்று ஒட்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. 1883இல் பழைய கோல குபுவின் அணை உடைந்து ஊரை வெள்ளம் கொண்டுபோயிற்று. அதன் பிறகும் ஈயச் சுரங்கங்களின் மணல் ஆற்றை மேவி வெள்ளம் வந்துகொண்டே இருந்ததால், ஊரையே மேட்டு நிலத்தில் புதிதாகக் கட்டினார்கள். ஊரைக் கடந்து சற்றுத் தூரத்தில் சிலாங்கூர் ஆற்று அணையின் ஏரி தெரியும். கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்களில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. அந்த ஏரிக்காகத் தெமுவான் பூர்வக்குடி மக்களின் பெரெத்தாக், கெராச்சி என்னும் இரண்டு கம்பங்கள் (சிற்றூர்கள்) இடம் மாற்றப்பட்டன. ஏரியைப் பார்க்க வண்டியை நிறுத்தும்போது இதையும் நண்பரிடம் சொல்லுங்கள்.

ஏரியை விட்டதும் காடு தொடங்கும். கேப் என்னும் கணவாய் வரை வளைவுக்கு மேல் வளைவாக ஏறும் இந்தப் பாதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூரிலிருந்து பகாங்கிற்குப் போவதற்காக வெட்டப்பட்டது. 1951 அக்டோபர் 6, ஒரு சனிக்கிழமை. மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி வார இறுதியைப் பிரேசர் மலையில் கழிப்பதற்காக மனைவியோடு இதே பாதையில் வந்துகொண்டிருந்தார். ஒரு வளைவில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் சுட்டார்கள். கர்னி வண்டிக்கதவைத் திறந்து இறங்கி, சாலையோரத்தை நோக்கி நடந்தார், குண்டுகள் அவரை நோக்கித் திரும்பின, அவர் விழுந்தார், வண்டிக்குள் இருந்த மனைவியும் செயலாளரும் பிழைத்தார்கள். அவருடைய ஆட்சியைப் பற்றி நமக்கு என்ன கருத்து இருந்தாலும், அந்தக் கதவைத் திறந்த கணத்தை நினைக்காமல் இந்த வளைவுகளில் என்னால் போக முடிவதில்லை.

கேப்பிலிருந்து மலையூருக்கு இன்னும் எட்டுக் கிலோமீட்டர்தான். அந்தப் பழைய சாலை ஒரு வண்டிக்கு மட்டுமே இடம் தரும் அளவுக்கு ஒடுங்கியது. முன்பெல்லாம் ஒரு மணி நேரம் ஏறுவோருக்கும், அடுத்த மணி நேரம் இறங்குவோருக்கும் என்று முறைவைத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். பின்னர்தான் இறங்குவதற்குத் தனிச்சாலை வந்தது. மண்சரிவுகளால் இந்த ஏற்பாடு அவ்வப்போது மாறும். புறப்படும் முன்பு விசாரித்துக்கொள்ளுங்கள்.

காலையில் கேப் அருகே வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள். முதலில் ஒன்றுமே இருக்காது. பிறகு காட்டின் ஓரிடத்தில் சலசலப்புக் கேட்கும். பல இனப் பறவைகள் ஒன்றாகக் கூட்டம் சேர்ந்து, இரை தேடிக்கொண்டே மரத்துக்கு மரம் நகர்ந்துவரும். ஒன்று இலையைப் புரட்டும். ஒன்று பட்டையைக் கொத்தும். பயந்து பறக்கும் பூச்சியை மூன்றாவது காற்றிலேயே பிடிக்கும். வெள்ளிக்காது மீசியா என்ற சிறு பறவையை அந்தக் கூட்டத்தில் எளிதாக அடையாளம் காணலாம்: கறுப்புத் தலை, கன்னத்தில் வெள்ளிப் பொட்டு, மஞ்சள் தொண்டை, சிறகில் சிவப்பு. சில நிமிடங்களில் அத்தனையும் உங்களைக் கடந்துபோய்விடும். காடு மீண்டும் வெறுமையாகத் தோன்றும். 1988 முதல் இம்மலையில் பன்னாட்டுப் பறவை நோக்கும் போட்டி நடந்துவருவது இந்த வளத்தால்தான். தொலைநோக்கி ஒன்று இருந்தால் போதும். அதையும் மாறி மாறி வாங்கிப் பார்ப்பதுதான் நன்றாக இருக்கும்.

மலைமேல் என்ன இருக்கிறது என்று உங்கள் நண்பர் கேட்பார். செடிகொடி படர்ந்த கல் மணிக்கூண்டு, பழைய கல் பங்களாக்கள், சிறிய கோல்ஃப் திடல், ஹெம்மண்ட் என்ற பெயரில் ஒரு குறுகிய காட்டு நடைபாதை, அவ்வளவுதான். லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஈயம் தேடி வந்து குடியேறிய இடம் இது. பின்னர் அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாமல் மறைந்துபோனார். அவரைத் தேடி வந்த ஒரு பிஷப் சொல்லித்தான் இந்த இடம் மலைவாசத்துக்கு ஏற்றதென்று அரசு அறிந்தது. கடைகள் குறைவு, சந்தை இல்லை. ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் இருப்பதால் கோலாலம்பூரில் 32 டிகிரி வெயில் அடிக்கும்போது இங்கே 24 டிகிரிதான் இருக்கும். மாலையில் மூடுபனி இறங்கிய பிறகு செய்வதற்கு ஒரு வேலையும் இராது. உங்களுக்குத் தேவைப்படுவதும் அந்த ஓய்வுதான்.

இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள்; தானியங்கி கியர் வண்டியென்றால் ‘எல்’ நிலைக்கு மாற்றி, வேகத்தை எஞ்சினே பிடித்துவைக்கும்படி விடுங்கள். பிரேக் சூடேறினால் பிடிக்காது; கருகும் வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். மற்றொன்று மழை. ஆண்டிறுதி மழைக்காலத்தில் சரிவை ஒட்டிக் கூடாரம் அடித்துத் தங்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். 2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியுமுன், பத்தாங் காலி அருகே கெந்திங் சாலையோரத்தில் மண் சரிந்தபோது, கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் இறந்தார்கள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு விடுமுறைக்கு வந்தவர்கள் அவர்கள். மழை வலுத்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

திரும்பும் வழியைப் பற்றி இம்முறை சண்டை வரக்கூடாது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வந்த வழியே திரும்பாமல், கேப்பிலிருந்து பகாங் பக்கம் இறங்குங்கள். திராஸ், ரவுப் பக்கமாகப் போய், பெந்தோங் வழியாகக் காராக் நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் வந்துவிடலாம். ரவுப் ஒரு காலத்தில் தங்கச் சுரங்கத்தால் பெயர் பெற்ற ஊர். இப்போது டுரியானுக்குப் பெயர் பெற்றது. பருவமாக இருந்தால் சாலையோரத்தில் நிறுத்தி ஒரு பழத்தைப் பிளந்து சாப்பிடுங்கள். காராக் சாலை ஞாயிறு மாலையில் நெரியும். ஆகவே நண்பகலுக்கு முன் மலையிலிருந்து இறங்கிவிட வேண்டும். ஏறும்போது நீங்கள் ஓட்டுங்கள், இறங்கும்போது அவர் ஓட்டட்டும். போய்வந்த பின் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்.