புகையான்: இப்போதே மருந்தடிக்க வேண்டுமா?

வணக்கம். 50 நாள் நெல்லில் குத்துக்கு (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்து) 20 தூர் (அதிலிருந்து கிளைத்த தண்டு), 15 புகையான் (நெல்லின் அடித்தண்டில் சாறு உறிஞ்சும் பூச்சி), அதைத் தின்னும் சிலந்தி 2 என்று எழுதி, இப்போதே மருந்தடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது மருந்து வேண்டாம். தூருக்கு 1 புகையான் என்பது பொருளாதாரச் சேதநிலை, அதாவது மருந்தடிக்க வேண்டிய எல்லை; குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். 20 தூர் உள்ள உங்கள் குத்துக்கு அது 40; இருப்பதோ 15தான்.

கடையில் சொன்ன சைபர்மெத்ரின் பூச்சிமருந்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். சிலந்தி சாகும். இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டை தப்பிவிடும். பொரித்து வரும் குஞ்சைத் தின்ன வயலில் ஆளிருக்காது. அந்த முட்டையை உறிஞ்சி நமக்கு உதவும் பூச்சி ஒன்றும் உண்டு: மிரிட் நாவாய்ப்பூச்சி. குத்தை விரித்து அடியில் பாருங்கள்: பச்சை உடல், கறுத்த தலை, விறுவிறுவென்று ஓடும். அதையும் புகையான் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

தண்ணீரை வடித்து 3, 4 நாள் காயவிடுங்கள். யூரியா இப்போதைக்கு வேண்டாம். வாரம் இருமுறை, வரப்போரம் மட்டுமில்லாமல் வயல் நடுவிலும் 20 குத்து எண்ணுங்கள்.