விடிகாலையில் விழும் லிங்க்: கார்டை மாற்றும் முன் ஒளியை அளந்து பாருங்கள்

கேள்வி: ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் இடையே 32 கிலோமீட்டர் ஃபைபரில் ஒரு 10ஜி (நொடிக்கு 10 ஜிகாபிட்) லிங்க் ஓட்டுகிறோம். இரு முனையிலும் 1550 நானோமீட்டர், 40 கிலோமீட்டர் ரக எஸ்எஃப்பி (ஒளியை அனுப்பிப் பெறும் செருகு மாட்யூல்). மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலை ஐந்து மணிவாக்கில் கோத்தகிரியில் எல்ஓஎஸ் (சிக்னல் வரவில்லை என்ற) அலாரம் வருகிறது; வெயில் ஏறியதும் தானாகப் போய்விடுகிறது. எஸ்எஃப்பியை மாற்றியும் பலனில்லை. இரு பக்கமும் அனுப்பும் ஒளி +1 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு). பகலில் வந்து சேர்வது ஊட்டியில் –8, கோத்தகிரியில் –13. லைன் கார்டு (எஸ்எஃப்பி செருகும் போர்ட்டுகள் உள்ள அட்டை) போய்விட்டது, புதிது போடுங்கள் என்கிறார் சப்ளையர். போடலாமா?
– கோத்தகிரி வாசகர்

இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. விடிகாலையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பகலில் காட்டும் அந்த –13ஐ யாரும் சந்தேகப்படவில்லை.

கணக்குப் போடுங்கள். 1550இல் கிலோமீட்டருக்குச் சுமார் 0.22 டெசிபல் இழப்பு என்றால் 32 கிலோமீட்டருக்கு 7. ஜாயின்ட்டுகளுக்கும் கனெக்டர்களுக்கும் 2 சேர்த்தால் 9. +1 கிளம்பினால் –8 வந்து சேர வேண்டும். ஊட்டியில் அப்படியே வருகிறது. அதே கேபிளில் எதிர்த்திசையில் வரும் ஃபைபரில் மட்டும் 5 டெசிபல் காணாமல் போகிறது. இந்த ரக எஸ்எஃப்பி பொதுவாக –15.8 வரைதான் படிக்கும்; அதற்குக் கீழே ஒளி இறங்கினால் முடியாது. ஆக, நல்ல வெயிலிலேயே உங்கள் கையில் 3 டெசிபல்கூட மிச்சமில்லை. குளிரில் இன்னும் கொஞ்சம் இறங்கினால் அலாரம் அடிக்காமல் என்ன செய்யும்?

அந்த 5 டெசிபல் எங்கே போகிறது என்று பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. போக்குவரத்து குறைந்த நேரத்தில், இரு முனையிலும் ஓடிஎஃப்பில் (வெளிக் கேபிள் வந்து முடியும் சட்டத்தில்) கருவியிலிருந்து வரும் இரண்டு பேட்ச் கார்டுகளையும் (இணைப்பு ஃபைபர் வடங்களையும்) இடம் மாற்றிச் செருகுங்கள். கருவிப் பக்கத்தைத் தொடாதீர்கள். இப்போது –13 ஊட்டிக்குத் தாவினால் கோளாறு வெளிக் கேபிளில். கோத்தகிரியிலேயே நின்றால் கருவியிலோ பேட்ச் கார்டிலோதான். அங்கே முதல் சந்தேகம் ஊட்டியிலிருந்து அனுப்பும் பேட்ச் கார்டின் முனை. கருவி தன் திரையில் +1 என்று காட்டுவது லேசருக்குள் எடுக்கும் கணக்கு, கனெக்டரைத் தாண்டி வருவது அல்ல. பவர் மீட்டரைப் பேட்ச் கார்டு முனையில் வைத்தால்தான் உண்மை தெரியும். சிங்கிள் மோடு ஃபைபரின் உள்கரு 9 மைக்ரான்தான். அதன்மேல் ஒரு தூசி உட்கார்ந்தாலே போதும். ஃபைபர் முனையைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பில் பார்த்து, துடைத்து, மறுபடி பார்த்துவிட்டுச் செருகுங்கள். பச்சை முனையை நீல முனையோடு யாராவது சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒன்று சாய்வாகச் சீவியது, மற்றது நேரானது. செருகினால் உள்ளே போகும், ஒளி மட்டும் பாதியில் சிதறும். கண்ணால் உள்ளே எட்டிப் பார்க்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

என் ஊகம் –13 ஊட்டிக்குத் தாவும் என்பதே. கார்டு கெட்டால் பொழுது பார்த்துக் கெடுவது அபூர்வம். குளிரோடு வந்து வெயிலோடு போகும் கோளாறு பெரும்பாலும் ஜாயின்ட் பெட்டியில் இருக்கும். கண்ணாடியைவிடப் பிளாஸ்டிக் குளிரில் அதிகம் சுருங்கும். அதனால் கேபிளின் குழாய்க்குள் இருக்கும் ஃபைபர் பெட்டியின் தட்டுக்குள் பிதுங்கி வளையும். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் உறைபனி இரவில் அது கட்டியாகி இழைகளை நெருக்கும். இந்த மலையில் உறைபனி பள்ளத்தில்தான் முதலில் இறங்கும். அதனால் தொட்டபெட்டா பிரிவுக்கும் கட்டபெட்டுக்கும் இடையே பள்ளத்திலும் ஓடையோரத்திலும் இருக்கும் பெட்டிகளை முதலில் திறப்பேன்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை. நிர்வாக மென்பொருளில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவாகும் வரவு ஒளியை ஒரு வாரத்துக்கு எடுங்கள். நள்ளிரவிலிருந்து சரிவாக இறங்கினால் கேபிள். ஒரே வெட்டாக விழுந்தால் கனெக்டர், கார்டு, மின்சாரம் என்று தேட வேண்டும். (–48 வோல்ட் மின்சாரம் குறைந்தால் ஒரு போர்ட் மட்டும் சாகாது, ஷெல்ஃப் முழுக்கக் கத்தும். அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.)

பிறகு ஓடிடிஆர், அதாவது ஃபைபருக்குள் ஒளித் துடிப்பு அனுப்பி, திரும்பி வருவதை வைத்து எத்தனையாவது மீட்டரில் இழப்பு என்று காட்டும் கருவி. இதில் எல்லோரும் தவறவிடுவது நேரம். பதினோரு மணிக்கு ஜீப்பில் வந்து சோதித்துவிட்டு "கேபிள் சரியாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுப்பார்கள். ஐந்து மணிக்கே, லிங்க் விழுந்திருக்கும்போதே போடச் சொல்லுங்கள். 1310, 1550 நானோமீட்டர் இரண்டிலும் போட வேண்டும். வரைகோட்டில் இழப்பைக் காட்டும் படி 1550இல் பெரிதாகவும் 1310இல் சின்னதாகவும் தெரிந்தால் அது வளைவு. இரண்டிலும் ஏறக்குறைய சமமாக இருந்தால் மோசமான ஸ்ப்ளைஸ் (இழைகளை ஒட்டிய இடம்). ஓடிடிஆர் போடும்முன் இரு முனையிலும் ஃபைபரைக் கருவியிலிருந்து கழற்றிவிடுங்கள்; அதன் துடிப்பு எதிர்முனை ரிசீவரைச் சுட்டுவிடும். ஓடிடிஆர் 18.4 கிலோமீட்டர் என்றால் அது சாலைக் கிலோமீட்டர் அல்ல. பெட்டிக்குப் பெட்டி சுருட்டி வைத்த உபரிக் கேபிளும் அதில் சேரும். பக்கத்தில் தெரிந்த ஜாயின்ட்டிலிருந்து மீட்டர் எண்ணிப் போங்கள்.

கார்டையும் அதே வேளையில் சோதித்துவிடலாம். கோத்தகிரியில் எஸ்எஃப்பியின் அனுப்பும் முனையை அதன் பெறும் முனையோடு பேட்ச் கார்டால் இணையுங்கள். நடுவே 10 டெசிபல் அட்டென்யூவேட்டர் (ஒளியைக் குறைக்கும் துண்டு) கட்டாயம். நேரடியாக இணைத்தால் –1 டிபிஎம்முக்கு மேல் தாங்காத ரிசீவருக்கு +1 போய்ச் சேரும். விடிகாலைக் குளிரில் இந்த லூப் விழாமல் நின்றால் கார்டு குற்றமற்றது. அந்தப் பதிவைச் சப்ளையருக்கு அனுப்புங்கள். லூப்பிலும் விழுந்தால், அதே எஸ்எஃப்பியைப் பக்கத்து போர்ட்டில் போட்டு ஒரு விடியல் பாருங்கள். அங்கே நிற்கிறதென்றால் அந்த போர்ட் போய்விட்டது, கார்டுக்கு ஆர்டர் போடலாம். ஆனால் புதுக் கார்டு வந்தாலும் அந்த 5 டெசிபல் அப்படியேதான் இருக்கும். ஜாயின்ட் வேலையையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.