பி.ஏ. தமிழ் படிக்க 3 லட்சம் போதுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. ஒன்றரை ஏக்கர் தேயிலை, இலைக் காசுதான் வருமானம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த மகள், பிளஸ் டூவில் தமிழில் 97 எடுத்திருக்கிறாள். பி.ஏ. தமிழ்தான் படிப்பேன் என்கிறாள்; சொந்தக்காரர்கள் பி.காம். சேரச் சொல்கிறார்கள். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், கடனும் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். முதிர்ந்த டெபாசிட் 3 லட்சம் கையில் இருக்கிறது. என்ன செய்யலாம்? நகையை அடகு வைக்க வேண்டி வருமா?

பதில்: மகள் தமிழே படிக்கட்டும் அம்மா. ஆனால் மூன்று வருடத்துக்குக் கணக்குப் போடாதீர்கள், ஏழு வருடத்துக்குப் போடுங்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியர் ஆக பி.ஏ. 3, எம்.ஏ. 2, பி.எட். 2 என ஏழு ஆண்டு ஆகும். அந்தப் பணிக்குச் சம்பள விகிதம் 36,900-இல் தொடங்குகிறது. பி.ஏ. தமிழ் எடுத்த பல குடும்பங்கள் முதல் மூன்று வருடத்திலேயே காசைத் தீர்த்துவிட்டு, எம்.ஏ.வுக்கு வழியில்லாமல் பாதியில் நிற்கின்றன.

கோவைக் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 1,20,000 வீதம் 3,60,000 கடன், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். நான்காம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 1,08,000 சேர்ந்து, கடன் 4,68,000 ஆகிவிடும். அதை ஏழு ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 7,770 ரூபாய் கட்ட வேண்டும். முதல் தவணை வரும்போது உங்கள் மகள் எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் இருப்பாள், ஒரு ரூபாய் சம்பளம் இருக்காது. மேற்படிப்புக்காகத் தவணையைத் தள்ளிவைக்கச் சில வங்கிகள் ஒத்துக்கொள்ளும்; எழுத்தில் வாங்காமல் அதை நம்பக் கூடாது. படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே முழுதாக ஏற்கும் மானியம் தொழில்முறை, தொழில்நுட்பப் படிப்புகளுக்குத்தான், பி.ஏ.வுக்கு இல்லை. முதல் பட்டதாரி சலுகையும் தொழில்முறைப் படிப்புகளுக்கு மட்டுமே.

அதனால் ஊட்டிதான். அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கையில் மற்ற பாடங்களுக்கு நான்கு பாட மதிப்பெண்ணை 400-க்குப் பார்ப்பார்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுவார்கள். 97 அங்கே நல்ல பலம்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மூன்று ஆண்டில் 36,000 கிடைக்கும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனி. விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போகும். பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்: மாணவியின் வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பார்கள், ஆனால் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கு இணைக்கப்பட்டிருக்காது. கிளைக்கே போய், “நேரடி மானியம் இந்தக் கணக்குக்கு வருமா?” என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் பெயர், முதலெழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

இனி 3 லட்சம். கட்டணம், சாப்பாடு, மழையில் பாதை அடைபடும் நாட்களில் ஊட்டியில் தங்கும் செலவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000 என்று வையுங்கள். புதுமைப்பெண் 12,000 போக உங்கள் கையிலிருந்து 28,000. எனவே 60,000 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். முதல் ஆண்டுக்கும் அவசரத்துக்கும் அது. அஞ்சலகத்தில் ஓராண்டு டெபாசிட்டில் 30,000, இரண்டாண்டு டெபாசிட்டில் 30,000, மூன்றாண்டு டெபாசிட்டில் 1,80,000. அந்தக் கடைசித் தொகை எம்.ஏ., பி.எட்.டுக்கு, அதுவரை தொடாதீர்கள்.

வட்டி கூடுதல் என்று ஐந்தாண்டு டெபாசிட்டில் போட்டுவிடாதீர்கள். 2023 நவம்பருக்குப் பிறகு தொடங்கியவற்றை நான்கு ஆண்டு முடியும்வரை உடைக்க முடியாது. மற்றவற்றை ஆறு மாதத்துக்குப் பின் உடைக்கலாம். ஓராண்டுக்குள் என்றால் சேமிப்புக் கணக்கு வட்டிதான். அஞ்சலக டெபாசிட்டில் வட்டி வருடா வருடம் வெளியே வந்துவிடும், அசலோடு சேராது. 7 சதவீதம் என்றால் 1,80,000-க்கு ஆண்டுக்குச் சுமார் 12,900 ரூபாய். அதையும் எடுத்து மறுபடி ஒரு டெபாசிட்டாகப் போடுங்கள். 1,000 ரூபாயிலிருந்தே போடலாம்.

மாதத் தவணை ஆர்.டி. உங்களுக்குப் பொருந்தாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகினால் இலைக் காசு பாதியாகும், தவணை தவறும், அபராதம் ஏறும். கொழுந்து நன்றாக வரும் மாதத்தில் கையில் மிஞ்சுவதை ஓராண்டு டெபாசிட்டாகப் போடுவதே உங்கள் தோட்டத்துக்கு ஏற்றது.

பி.எட்.டில்தான் பெரிய செலவு ஒளிந்திருக்கிறது. அரசுக் கல்லூரி இடம் பட்டப்படிப்பு மதிப்பெண்ணைப் பொறுத்தது. அது தவறினால் தனியார் கட்டணம். ஆகவே பி.ஏ.வில் எடுக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பண மதிப்பு உண்டு. முதுகலை ஆசிரியர் தேர்வில் 150-க்கு 110 பாட வினாக்கள்தாம். குறிப்புப் புத்தகத்தை மட்டும் படித்தவர்கள் தொல்காப்பியத்தில்தான் சறுக்குகிறார்கள். முதலாண்டிலிருந்தே மூலத்தை உரையோடு படிக்க வேண்டும். குறுந்தொகைப் பாட்டு நான்கிலிருந்து எட்டு அடிதான். ஒவ்வொன்றிலும் சொல்லைப் பிரித்து, திணை, கூற்று, இலக்கணக் குறிப்பு எழுதிப் பழகட்டும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களை மலையில் வளர்ந்த பெண் படிக்கும் சுகமே வேறு. புத்தகச் செலவும் குறைவு. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் இலவசம்.

ஏழு ஆண்டும் சும்மா காத்திருக்க வேண்டாம். 18 வயது ஆனதும் அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதலாம். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். அது உங்கள் மகளுக்குக் கஷ்டமில்லை. தமிழ் மாணவர்கள் விடுவது 25 கணக்குக் கேள்விகளில், தினம் அரை மணி நேரம் அதற்கு வேண்டும். கோடை விடுமுறைகளில் தட்டச்சுப் பயிற்சியும் சேரட்டும். தட்டச்சுத் தேர்வில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை, அல்லது ஒன்றில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் இருந்தால் தட்டச்சர் பணிக்கும் வழி திறக்கும். சம்பளம் 19,500-இல் தொடங்கும்.

நகையைத் தொட வேண்டியதில்லை. பி.எட். தனியார் கல்லூரியில்தான் என்றாகி, 1,80,000 போதாமல் போனால் மட்டும், அந்த ஆண்டுக்கு எவ்வளவு குறைகிறதோ அந்தத் தொகைக்குக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வையுங்கள்.